வலது கையா, இடது கையா? முதலில் யார் சொல்வது? இரு கை பிட்ச்சர்களுக்கான விதி என்ன சொல்கிறது?

2008 ஜூன் 19. அமெரிக்காவில் ஒரு மைனர் லீக் பேஸ்பால் ஆட்டம். ஸ்டேட்டன் ஐலண்ட் யாங்கீஸும் புரூக்ளின் சைக்ளோன்ஸும் மோதுகின்றன. ஒன்பதாவது இன்னிங்ஸ். இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் யாங்கீஸ் ஜெயித்துவிடும்.

பந்து வீசுபவர் பாட் வெண்டிட்டி. இரண்டு கைகளாலும் வீசத் தெரிந்தவர். எதிரில் வந்த பேட்டர் ரால்ஃப் ஹென்ரிக்கெஸ். வலப்பக்கம் நின்றும் அடிப்பார், இடப்பக்கம் நின்றும் அடிப்பார்.

ஹென்ரிக்கெஸ் ஒரு பக்கம் போய் நின்றார். வெண்டிட்டி கையுறையை மாற்றிப் போட்டார். உடனே ஹென்ரிக்கெஸ் மறுபக்கம் போனார். வெண்டிட்டி மறுபடியும் கையுறையைக் கழற்றி அடுத்த கைக்கு மாற்றினார். இப்படியே மாறி மாறிப் போக, ஒரு பந்துகூட வீசப்படாமல் ஆட்டம் நின்றது. அம்பயர்கள் கூடிப் பேசினார்கள். விதிப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. கடைசியில், ‘பேட்டர்தான் முதலில் பக்கத்தைத் தேர்வு செய்ய வேண்டும்’ என்று அந்த நேரத்துக்கு ஒரு முடிவெடுத்தார்கள். ஹென்ரிக்கெஸ் வலப்பக்கம் நின்றார், வெண்டிட்டி வலது கையால் வீசினார், ஸ்ட்ரைக் அவுட். ஆட்டம் முடிந்தது.

யூடியூபில் இன்றைக்கும் சிரிக்க வைக்கும் வீடியோ அது. ஆனால் அதற்குள் ஒரு சீரியஸான கேள்வி இருக்கிறது. இரண்டு பேருமே அடுத்தவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க நினைத்தால், யார் முதலில் வாயைத் திறக்க வேண்டும்?

சரி, எந்தக் கை என்பது ஏன் இவ்வளவு முக்கியம்?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஐபிஎல்லில் இடது கை பேட்டர் வந்ததும் கேப்டன் ஆஃப் ஸ்பின்னரைக் கூப்பிடுகிறார் அல்லவா? பந்து பேட்டரை விட்டு வெளியே திரும்ப வேண்டும் என்பதுதான் காரணம். உள்ளே வரும் பந்தைவிட வெளியே போகும் பந்தை அடிப்பது கடினம்.

பேஸ்பாலிலும் அதே கணக்குதான். வலது கை பிட்ச்சர் வீசும் வளைவுப் பந்து, வலப்பக்கம் நிற்கும் பேட்டரை விட்டு விலகிப் போகும். இடப்பக்கம் நிற்பவருக்கு அதே பந்து உள்ளே வரும். பந்து கையை விட்டுக் கிளம்பும் இடமும் எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவாகத் தெரியும். அதனால் வலதுக்கு வலது, இடதுக்கு இடது என்றால் பிட்ச்சருக்கு லாபம். எதிரெதிர் என்றால் பேட்டருக்கு லாபம்.

எல்லா பேட்டருக்கும், எல்லாப் பந்துக்கும் இது பொருந்தாது. ஆனால் ஒரு சீசன் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பேஸ்பால் அணிகள் யாரை எப்போது இறக்குவது என்று முடிவெடுப்பதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு பக்கமும் நின்று ஆடப் பழகிய ‘ஸ்விட்ச் ஹிட்டர்’ உருவானதே இதனால்தான். பிட்ச்சர் எந்தக் கையாக இருந்தாலும் அவர் தனக்கு வசதியான எதிர்ப்பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

பேட்டர் பக்கம் மாறுவது பேஸ்பாலில் ரொம்ப சாதாரணம். பிட்ச்சர் கை மாறுவதுதான் அபூர்வம். அதனால்தான் அதற்கான விதி 2008 வரை யாருக்கும் தேவைப்படவில்லை.

இதற்கு முன் யாருமே வீசியதில்லையா?

வீசியிருக்கிறார்கள். 1882 ஜூலை 18 அன்று லூயிவில் அணியின் டோனி முல்லேன் ஒரே ஆட்டத்தில் இரண்டு கைகளாலும் வீசினார். அது பிட்ச்சர்கள் கையுறை போடாத காலம். பந்தை இரண்டு கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு நின்றால், எந்தக் கையிலிருந்து வரப்போகிறது என்பதே பேட்டருக்குத் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டில் இது ஏறக்குறைய மறைந்தே போனது. 1995 செப்டம்பர் 28 அன்று மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியின் கிரெக் ஹாரிஸ், சின்சினாட்டி ரெட்ஸுக்கு எதிராக ஒரு இன்னிங்ஸில் இரு கைகளாலும் வீசி, ரன் எதுவும் கொடுக்காமல் முடித்தார். வலது கை பிட்ச்சராகவே பேர் வாங்கிய அவர், இந்த ஒரு வாய்ப்புக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர். அவர் அன்று போட்டிருந்த கையுறை கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது.

ஆனால் ஹாரிஸ் செய்தது ஒரு நாள் கூத்து. வெண்டிட்டி அதையே தொழிலாக்கினார். நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவில் பிறந்த அவர் இயல்பில் வலது கைக்காரர். மூன்று வயதிலிருந்தே இரண்டு கைகளாலும் எறிய அப்பா பழக்கினார். கிரைட்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய பிறகு, 2008-ல் நியூயார்க் யாங்கீஸ் அவரை டிராஃப்டின் 20-வது சுற்றில் எடுத்தது. அவருடைய கையுறையில் இரண்டு கட்டைவிரல்களுக்கு இடம் இருக்கும், மொத்தம் ஆறு விரல்கள். எந்தக் கையிலும் மாட்டிக்கொள்ளலாம்.

வெண்டிட்டி விதி: சட்டம் என்ன சொல்கிறது?

புரூக்ளின் ஆட்டம் முடிந்த சில வாரங்களுக்குள் மைனர் லீக் அம்பயர்களை நிர்வகிக்கும் அமைப்பு ஒரு விதியைக் கொண்டுவந்தது. பிறகு அது பேஸ்பாலின் அதிகாரபூர்வ விதிப்புத்தகத்திலும் இடம்பிடித்தது. இப்போது அதன் எண் 5.07 எஃப். ரசிகர்கள் மத்தியில் ‘வெண்டிட்டி விதி’ என்று பேர்.

சுருக்கமாகச் சொன்னால்:

• எந்தக் கையால் வீசப் போகிறோம் என்பதை பிட்ச்சர் கண்ணுக்குத் தெரியும்படி காட்ட வேண்டும். பிட்ச்சர் நிற்கும் ரப்பர் தட்டில் காலை வைக்கும்போது, கையுறை மறுகையில் இருந்தால் போதும்.

• இது தலைமை அம்பயர், பேட்டர், பேஸில் நிற்கும் ரன்னர்கள் என எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

• அந்த பேட்டரின் முறை முடியும் வரை கை மாற்றக் கூடாது. அவர் அவுட் ஆக வேண்டும், அல்லது பேஸுக்குப் போக வேண்டும், அல்லது இன்னிங்ஸ் முடிய வேண்டும்.

• எதிரணி நடுவில் மாற்று பேட்டரை இறக்கினால், பிட்ச்சரும் கை மாற்றலாம்.

• பிட்ச்சருக்குக் காயம் ஏற்பட்டால் நடுவிலேயே கை மாற்றலாம். ஆனால் அப்படி மாற்றினால், அந்த ஆட்டம் முடியும் வரை பழைய கையால் வீச முடியாது.

• கை மாற்றியதற்காக பயிற்சிப் பந்துகள் கிடையாது. நேராக ஆட்டத்துக்கு வர வேண்டியதுதான்.

படிக்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு ஓட்டையை அடைக்கிறது.

ரன்னருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? இடது கை பிட்ச்சர் வீசத் தயாராகும்போது அவர் முகம் முதல் பேஸைப் பார்த்து இருக்கும். வலது கை பிட்ச்சருக்கு முதுகு அந்தப் பக்கம் இருக்கும். அடுத்த பேஸுக்கு ஓட எத்தனை அடி முன்னே போய் நிற்கலாம் என்று ரன்னர் கணக்குப் போடுவது இதை வைத்துத்தான்.

காயத்துக்கு அவ்வளவு கடுமையான நிபந்தனை ஏன்? அது இல்லாவிட்டால், ‘கை வலிக்குது’ என்று சொல்லி நினைத்தபோதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். உண்மையிலேயே வலித்தால் அந்தக் கைக்கு அன்றைக்கு ஓய்வு கொடு என்கிறது விதி. நடிப்பவருக்கு நஷ்டம், நிஜமாகக் காயம்பட்டவருக்குப் பாதுகாப்பு.

மாற்று பேட்டர் விஷயமும் அப்படித்தான். பேஸ்பாலில் வெளியே போன வீரர் அந்த ஆட்டத்துக்குத் திரும்பி வர முடியாது. எதிரணி ஒரு ஆளையே இழந்துதான் மாற்று பேட்டரை இறக்குகிறது. அவர்கள் விலை கொடுத்துச் செய்யும் மாற்றத்துக்கு பிட்ச்சர் பதில் சொல்லலாம். பெஞ்சில் இருக்கும் ஆட்கள் தீர்ந்துவிடுவார்கள் என்பதால் முடிவில்லாத சுற்றுக்கும் வழியில்லை. ஸ்விட்ச் ஹிட்டர் பக்கம் மாற அப்படி எந்த விலையும் கிடையாது. அதனால்தான் சுற்றை அங்கே வெட்டினார்கள்.

கடைசி வார்த்தை யாருக்கு?

பேட்டருக்கு. வெண்டிட்டியின் அந்த முதல் நாளில் அம்பயர்கள் பேட்டரைத்தான் முதலில் சொல்ல வைத்தார்கள். விதியாக எழுதும்போது அது அப்படியே தலைகீழானது. இப்போது பிட்ச்சர்தான் முதலில் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு பேட்டர் பக்கம் தேர்ந்தெடுப்பார்.

விளைவு என்ன? ஸ்விட்ச் ஹிட்டர் எதிரில் வந்தால் இரு கை பிட்ச்சரின் தனித்திறமைக்கு வேலை இல்லை. எந்தக் கையைக் காட்டினாலும் அவர் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவார். மற்ற பேட்டர்களிடம்தான் அந்தத் திறமை செல்லுபடியாகும்.

இதில் இன்னொரு ஏற்றத்தாழ்வும் உண்டு. பிட்ச்சரை முறை முடியும் வரை பூட்டி வைக்கும் விதி, பேட்டரைப் பூட்டவில்லை. பிட்ச்சர் வீசத் தயாராக நிற்கும்போது ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்குத் தாண்டினால்தான் பேட்டர் அவுட். அதற்கு முன் இரண்டு பந்துகளுக்கு இடையே அவர் பக்கம் மாறிக்கொள்ளலாம்.

இது நியாயமா?

முதல் பாதி நியாயம் என்றே தோன்றுகிறது. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார். எப்போது, எங்கே, எந்த வேகத்தில் என்பதெல்லாம் அவர் முடிவு. மேஜர் லீக்கில் மணிக்கு 153 கிலோமீட்டர் வேகப் பந்து என்பது சர்வசாதாரணம். பிட்ச்சருக்கும் பேட்டருக்கும் இடையே 18.44 மீட்டர். பந்து வந்து சேர ஏறக்குறைய 0.4 விநாடிதான். அது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றே தெரியாமல் ஒருவரை நிற்க வைப்பது போட்டி கிடையாது, ஆபத்து. அதனால் பிட்ச்சர் முதலில் சொல்வதே சரி.

இரண்டாவது பாதிதான் உறுத்துகிறது. பிட்ச்சர் கையைக் காட்டியாகிவிட்டது, பேட்டரும் அதைப் பார்த்து பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இரண்டு பேரிடமும் முழுத் தகவல் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒருவருக்கு மட்டும் பூட்டு எதற்கு? பேட்டரையும் அந்த முறை முடியும் வரை அதே பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும். நடுவில் பக்கம் மாறும் பேட்டர்கள் மிகக் குறைவு என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இரு கை பிட்ச்சர்களும் மிகக் குறைவுதான். அவர்களுக்கு மட்டும் ஒரு பத்தி அளவுக்கு விதி இருக்கிறதே!

கிரிக்கெட் இதை எப்படிச் சமாளிக்கிறது?

2008 ஜூன் 15 அன்று, அதாவது வெண்டிட்டியின் ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, இங்கிலாந்தின் கெவின் பீட்டர்சன் நியூசிலாந்தின் ஸ்காட் ஸ்டைரிஸ் பந்தில் ‘ஸ்விட்ச் ஹிட்’ அடித்து இரண்டு சிக்ஸர் எடுத்தார். பந்து வீச ஓடி வரும்போதே பீட்டர்சன் இடது கை பேட்டராக மாறி நின்றார். இது செல்லுமா என்று உலகமே விவாதித்தது. கிரிக்கெட் விதிகளைப் பராமரிக்கும் எம்சிசி, செல்லும் என்றது. ஒரே வாரத்தில் இரண்டு விளையாட்டுகளிலும் ஒரே கேள்வி!

கிரிக்கெட் சொன்ன பதில் வேறு. பந்துவீச்சாளர் எந்தக் கை, ஸ்டம்புக்கு எந்தப் பக்கம் என்பதை அம்பயரிடம் சொல்ல வேண்டும். அம்பயர் அதை பேட்டரிடம் சொல்வார். சொல்லாமல் மாற்றினால் நோ பால். ஆனால் சொல்லிவிட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரே ஓவரில் ஒரு பந்து வலது, அடுத்த பந்து இடது என்று வீசவும் தடை இல்லை.

இலங்கையின் ஹஷான் திலகரத்ன 1996 உலகக் கோப்பையில் கென்யாவுக்கு எதிராக இப்படி வீசினார். விதர்பா அணியின் அக்‌ஷய் கர்னேவார் 2017-ல் சென்னை சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் இரு கைகளாலும் வீசினார். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மோகித் ஹரிஹரன் வீசியிருக்கிறார். 2025 ஏப்ரலில் ஈடன் கார்டனில், சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காக ஆடிய இலங்கையின் கமிந்து மெண்டிஸ் ஒரே ஓவரில் வலது கை பேட்டருக்கு இடது கையாலும், இடது கை பேட்டருக்கு வலது கையாலும் வீசினார். நான்கு ரன், ஒரு விக்கெட்.

பேஸ்பாலில் சுற்றிச் சுற்றி வந்த சிக்கல் கிரிக்கெட்டில் ஏன் வரவில்லை? கிரிக்கெட்டில் பேட்டர் உண்மையில் பக்கம் மாறுவது பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கிய பிறகுதான். அதற்குப் பதிலாகக் கை மாற்ற அவருக்கு நேரமே இல்லை. சுற்று தானாகவே அறுந்துவிடுகிறது. பேஸ்பாலில் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், மாற நேரம் இருக்கிறது. அதனால் சுற்றை அறுக்க ஒரு விதி தேவைப்பட்டது.

சாஃப்ட்பாலில் என்ன வித்தியாசம்?

சாஃப்ட்பாலில் பந்தைக் கீழிருந்துதான் வீச வேண்டும். காற்றாலை மாதிரி கையை முழு வட்டம் சுற்றி வீசும் முறைதான் வேகப்பந்து சாஃப்ட்பாலின் அடையாளம். பெண்கள் ஆட்டத்தில் பிட்ச்சர் நிற்கும் தூரம் 43 அடி, அதாவது சுமார் 13.1 மீட்டர். தூரம் குறைவு என்பதால் பேட்டருக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. ‘எந்தக் கை என்று முன்பே தெரிய வேண்டும்’ என்ற வாதம் இங்கே இன்னும் வலுவாகிறது.

ஆனால் இரு கை பிட்ச்சருக்கு இங்கே கிடைக்கும் லாபம் பேஸ்பால் அளவுக்கு இல்லை. சாஃப்ட்பாலின் முக்கிய ஆயுதங்களில் இரண்டு, மேலே எழுவது போல வரும் ‘ரைஸ் பால்’, கீழே விழும் ‘டிராப் பால்’. மேலும் கீழும் நகரும் பந்துக்கு பேட்டர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அவ்வளவு முக்கியமில்லை. பக்கவாட்டில் வளையும் பந்துக்குத்தான் கையின் கணக்கு முழுமையாக வேலை செய்யும்.

விதியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாஃப்ட்பாலில் பொதுவாக, தொடக்க வீரர் வெளியே போனாலும் ஒருமுறை திரும்பி வரலாம். பேஸ்பாலில் மாற்று பேட்டரை இறக்குவதற்கு அணி கொடுக்கும் விலை இங்கே குறைகிறது. இரு கை பிட்ச்சரைக் குழப்ப எதிரணிக்கு ஒரு வழி கூடுதலாகக் கிடைக்கிறது.

சாஃப்ட்பாலுக்கு ஒரே ஒரு விதிப்புத்தகம் கிடையாது. சர்வதேசப் போட்டிகளுக்கு ஒன்று, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒன்று, பள்ளிகளுக்கு ஒன்று. பேஸ்பாலிலும் சிறுவர், பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்குத் தனித்தனிப் புத்தகங்கள் உண்டு. களத்தில் இறங்கும் முன் அந்தப் போட்டி எந்தப் புத்தகத்தின் கீழ் நடக்கிறது என்று பார்ப்பது பயிற்சியாளரின் வேலை.

இரண்டு கை என்றால் இரண்டு மடங்கு பந்து வீசலாமா?

பெற்றோர் மனதில் வரும் கேள்வி இது. சிறுவர்களின் தோள், முழங்கை பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக லிட்டில் லீக் பேஸ்பாலில் ஒரு நாளைக்கு இத்தனை பந்துதான் என்று வரம்பு இருக்கிறது. 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு அது 85. அப்படியானால் வலது கைக்கு 85, இடது கைக்கு 85 என்று 170 வீசலாமா?

வரம்பின் வாசகம் பிட்ச்சரை எண்ணுகிறது, கையை எண்ணவில்லை. அதில் அர்த்தமும் இருக்கிறது. பந்தை எறிவது தோள் மட்டும் செய்யும் வேலை இல்லை. கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து தள்ளும் விசைதான் கை வழியே வெளியே வருகிறது. கை மாறினாலும் களைத்த கால்கள் அதேதான். களைத்த உடம்போடு வீசும்போதுதான் காயமும் வரும்.

பயிற்சிச் சுமையும் கூடுகிறது. ஒரு கைக்குச் செய்யும் பயிற்சி அனைத்தையும் மறுகைக்கும் செய்ய வேண்டும். ‘ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு’ என்று நினைத்துப் பிள்ளையை இதில் இறக்குவது தப்புக் கணக்கு.

பிறகு வெண்டிட்டி என்ன ஆனார்?

அந்த வீடியோவுக்கும் மேஜர் லீக்குக்கும் இடையே ஏழு வருடம் ஆனது. 2015 ஜூன் 5 அன்று ஓக்லண்ட் அணிக்காக, பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் முதல் ஆட்டம். இரண்டு இன்னிங்ஸ் வீசி ரன் கொடுக்கவில்லை. அதன் பிறகு டொராண்டோ, சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, மயாமி என 2020 வரை மொத்தம் ஆறு அணிகளுக்கு ஆடினார். எங்கேயும் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. வேகம் குறைவு. கையை மாற்றிக் கிடைத்த சாதகம்தான் அவரை மேஜர் லீக் வரை கொண்டுவந்தது.

ஷோஹேய் ஓதானியோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் புரியும். பந்தும் வீசி, அடிக்கவும் செய்யும் ஓதானிக்கு ஏற்றபடி 2022-ல் மேஜர் லீக் விதியை விரித்தது. தொடக்க பிட்ச்சராக இறங்கி வெளியேறிய பிறகும், அவர் பேட்டராக ஆட்டத்தில் தொடரலாம் என்றது. ஓதானிக்குக் கதவைத் திறந்தார்கள், வெண்டிட்டிக்கு வேலி போட்டார்கள். ஆனாலும் தடை செய்யவில்லை. ‘இதெல்லாம் ஆட்டம் இல்லை, ஒரு கையை முடிவு பண்ணிக்கோ’ என்று ஒரே வரியில் எழுதியிருக்க முடியும். அப்படி எழுதாமல், விசித்திரமாகத் தெரிந்த ஒரு திறமைக்கும் இடம் வைத்து விதி செய்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இப்போது ஏன் இதைப் பற்றிப் பேச வேண்டும்?

ஏனென்றால் அடுத்த ஆள் வந்துவிட்டார். பெயர் ஜுராஞ்சலோ சைன்ஜா. கரீபியன் தீவான குராசாவில் வளர்ந்தவர். இயல்பில் இடது கைக்காரர். அப்பாவைப் பார்த்து வலது கையாலும் வீசப் பழகினார். மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய அவரை, 2024 டிராஃப்டின் முதல் சுற்றிலேயே, 15-வது ஆளாக சியாட்டில் மரினர்ஸ் எடுத்தது. வெண்டிட்டி 20-வது சுற்று, இவர் முதல் சுற்று. வித்தியாசம் வேகம். சைன்ஜா இரண்டு கைகளாலும் வேகமாக வீசக்கூடியவர், வலது கை இன்னும் வேகம்.

வெண்டிட்டி தொடங்கிய காலத்தைவிட இப்போது விதிகளும் இரு கை பிட்ச்சருக்குச் சாதகமாக மாறியிருக்கின்றன. முன்பெல்லாம் ஒரே ஒரு இடது கை பேட்டரை அவுட்டாக்குவதற்காக ஒரு இடது கை பிட்ச்சரைக் கொண்டுவந்து உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2020 முதல் அது முடியாது. உள்ளே வரும் பிட்ச்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸ் முடிய வேண்டும். 2022 முதல் 26 பேர் கொண்ட அணியில் பிட்ச்சர்கள் அதிகபட்சம் 13 பேர்தான். ஆளை மாற்றுவது கடினமாகியிருக்கும் நேரத்தில், ஆளை மாற்றாமலே கையை மாற்றத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடத்தானே செய்யும்?

ஆனால் ஒரு கேள்விக்கு எந்த விதியும் பதில் சொல்லாது. உங்கள் வலது கை மிகச் சிறப்பானது, இடது கை சுமாரானது என்று வைத்துக்கொள்வோம். இடது கை பேட்டர் வருகிறார். சுமாரான இடது கையால் வீசி, பந்து விலகிப் போகும் சாதகத்தை எடுத்துக்கொள்வதா? சாதகம் போனாலும் பரவாயில்லை என்று சிறப்பான வலது கையால் வீசுவதா? பல நேரம் இரண்டாவதே லாபம். இரு கை பிட்ச்சர் ஒவ்வொருவரிடமும் அணிகள் ஒரு கட்டத்தில் ‘ஒரு கையை விட்டுவிடு’ என்று சொல்லத் தோன்றுவது இதனால்தான். வேலி போட்டது விதி என்றாலும், ஆளை வெளியே அனுப்புவது இந்தக் கணக்குதான்.

ஆட்டம் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் பேஸ்பால், சாஃப்ட்பால், கிரிக்கெட் மூன்றும் இருக்கின்றன. ஒரே கேள்விக்கு வேறு வேறு விளையாட்டுகள் என்ன பதில் வைத்திருக்கின்றன என்பதை ஒரே ஒலிம்பிக்ஸில் பார்க்க முடியும்.

பேஸ்பாலில் ஆறு விரல் கையுறையோடு ஒருவர் வந்தால், பந்தைப் பார்க்க வேண்டாம். அவர் ரப்பரில் கால் வைக்கும் அந்த நொடியில் கையுறை எந்தக் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து பேட்டர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று பாருங்கள். முதல் பந்து வீசப்படும் முன்பே அங்கே பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.